நெடில்

அவர் பெயரில் ஒரு நெடில் இருந்தது.
எங்கள் தட்டச்சு இயந்திரத்தில் குறில் மட்டுமே.
அறிக்கையை நான் அடித்து முடித்ததும்
பேனாவைத் திறந்து
'அர்வீத்ஸ்' என்பதன் நடுவெழுத்துக்கு மேல்
சின்னதாய் ஒரு கோடு இழுப்பார்,
மூன்று கார்பன் பிரதிகளிலும்.
பிறகுதான் கையெழுத்து.

ரீகாவில் அவர் வேதியியல் முனைவர்.
நாற்பத்தொன்பதில் அடிலெய்டில் கப்பலிறங்கியபோது
படிவத்தில் 'கூலி' என்று எழுதிக்கொண்டார்கள்.
இரண்டு வருட ஒப்பந்தம்.
ஆராய்ச்சி நிலையத்து ஆட்டுக்கொட்டடியில்
புழுக்கை அள்ளும் வேலை.
அள்ளுமுன் எடைபோட்டிருக்கிறார்,
யாரும் கேட்காமலே.
தீவன மூட்டைக் காகிதத்தில், லாட்விய மொழியில்,
தேதி வாரியாக.

ஆட்டுக்குள் போனது இவ்வளவு,
வெளியே வந்தது இவ்வளவு,
கழித்தால் மிஞ்சுவது ஆட்டில் தங்கியது.
இவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம் என்பார்
மேலதிகாரி கில்ராய், விருந்தாளிகளிடம்.
அந்தக் கணக்கு ஆறு மாதமாய் உதைத்துக்கொண்டிருந்தது.
"ஏழாம் நம்பர் பை ஒழுகுது" என்றார்
புழுக்கை அள்ளுபவர்,
மண்வெட்டியைக் கீழே வைக்காமல்.
மறுநாள் அந்தப் பையில் தையல் இருந்தது,
அவர் கோட்டின் கறுப்பு நூலில்.

பாரெட் முனைப் பக்கம் சுண்ணாம்பு மணல்.
புல் பச்சையாகத்தான் இருந்தது.
தின்ற ஆடுகள் வயிறு நிறைந்து மெலிந்தன.
குட்டிகள் பின்னங்காலை இழுத்துக்கொண்டு
தாயிடம் புறப்பட்டுப்
பாதி வழியில் உட்கார்ந்தன.
கம்பளி சுருளாமல் கம்பி கம்பியாய் நின்றது.
ஈரலை எரித்துச் சாம்பலாக்கி
அந்தச் சாம்பலில் தேடினார் இல்லாத ஒன்றை.
பத்து லட்சத்தில் மூன்று பங்கு செம்பு.
அதையும் நான்தான் அடித்தேன்.
புள்ளி இடம் மாறினால் ஆடு செத்துப்போகும் என்றார்.

செத்தன. புள்ளியால் அல்ல.
ஹெகர்ட்டியின் மந்தையில் பத்தொன்பது.
மயில்துத்தக் கரைசல், அவர் கையால் கலந்தது.
போதாததற்கும் கூடாததற்கும் நடுவே
செம்மறிக்கு இருப்பது நூலிடை.
கண் மஞ்சளாகிச் சிறுநீர் கறுத்து
ஒரே வாரம்.

கில்ராய் கடிதம் அனுப்பச் சொன்னார்.
'எதிர்பாராத', 'வருந்துகிறோம்' எல்லாம் போட்டு
அடித்து வைத்தேன்.
அதை எடுக்காமல் பேருந்தேறினார்,
ஆடொன்றுக்கு நான்கு பவுண்டு, தன் சேமிப்பிலிருந்து.
ஹெகர்ட்டி எண்ணி வாங்கிக்கொண்டார்.
தேநீர் தரவில்லை.
"உம்ம பேர் என்ன? வாயில நுழையற மாதிரி சொல்லும்."
ஸ்விர்புலிஸ் என்றால் சிட்டுக்குருவி
என்று சொல்லிவிட்டு வந்தார்.

விடை கிடைக்க இன்னும் நான்கு வருடம்.
மருந்து ஆட்டுக்கல்ல, மண்ணுக்கு.
ஏக்கருக்கு ஏழு ராத்தல் மயில்துத்தம்
மழைக்கு முன்.
முதலில் தூவியது ஹெகர்ட்டிதான்.
"குருவி எனக்கு இன்னும் பாக்கி வெச்சிருக்கு" என்று
மதுக்கடையில் சொன்னாராம்.
அந்த வசந்தத்தில் குட்டிகள் ஓடின.
ஓடுகிற குட்டியைப் படம்பிடிக்க
எந்தப் பத்திரிகையும் வரவில்லை.

எந்த வருடமென்று நினைவில்லை,
கோடு போடுவதை நிறுத்திவிட்டார்.
"இங்கே யாருக்கும் அது காதில் விழாது, மிஸ் டார்லி."
அதன்பின் இஷ்டத்துக்கு அச்சிட்டார்கள்,
ஆர்விட், அர்வின், ஒருமுறை ஆர்தர்.

நூலக அட்டைப் பெட்டியில் இன்று அவர் ஏழு பேர்.
செம்பு பற்றி எழுதியவர் ஒருவர்,
கம்பளி பற்றி இன்னொருவர்,
ஒழுகும் பைகள் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதி
அப்புறம் காணாமல் போனவர் மூன்றாமவர்.
போன செவ்வாய்க்கிழமை போயிருந்தேன்.
எனக்கும் கை நடுங்குகிறது இப்போது.
ஆர்தரைக்கூட விடவில்லை,
அடித்துவிட்டு மேலே எழுதினேன்.
ஏழு அட்டைகளிலும் கோடு.
நூலகப் பெண் பார்த்தாள், தடுக்கவில்லை.

நான்காவதில் மட்டும்
கொஞ்சம் நீண்டுவிட்டது.